சிங்கப்பூரில் கணவன் அல்லது மனைவியின் மறைவுக்குப் பின் சொத்து யாருக்குச் சேரும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கணவர் இறந்தால் அவருடைய சொத்து முழுவதும் மனைவிக்கு, மனைவி இறந்தால் கணவருக்கு, அவர்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சிங்கப்பூர்ச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மணவாழ்க்கையில் சேர்த்தவற்றைத் 'திருமணச் சொத்து' என்று ஒன்றாகத் திரட்டிப் பிரிக்கும் அதிகாரத்தை, திருமணம் பற்றிய சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு வழங்குகிறது என்றாலும், அது மணமுறிவின்போது மட்டுமே பயன்படும். மரணத்தின்போது ஒவ்வொரு சொத்தும் தனித்தனி வழியில் செல்கிறது. அது யார் பெயரில் இருந்தது, கூட்டாக இருந்தால் எந்த வகைக் கூட்டு, அதைப் பெற வேண்டியவர் இன்னார் என்று நியமனம் செய்யப்பட்டிருந்ததா, உயில் உண்டா என்ற கேள்விகள் வரிசையாக எழும். இவை எவற்றிலும் அடங்காமல் எஞ்சுவது மட்டுமே வாரிசுச் சட்டத்தின் கைக்கு வரும்.

எனவே கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுவதே முதல் வேலை. வீடு, மத்திய சேம நிதி (சிபிஎஃப்), வங்கிக் கணக்குகள், காப்புறுதிகள், பங்குகள், நகை, கார், ஊரில் உள்ள நிலம், அடைக்க வேண்டிய கடன் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் பெயர் இருக்கிறது என்பதைக் குறியுங்கள். 'நம்முடையது' என்று எழுதுவதில் பயனில்லை. பத்திரத்தில் அல்லது கணக்கில் உள்ள பெயரையே எழுத வேண்டும்.

சட்டப்படி யார் மனைவி, யார் கணவர்

1961 செப்டம்பர் 15 முதல், முஸ்லிம்கள் நீங்கலாக, சிங்கப்பூரில் நடக்கும் திருமணம் மாதர் சாசனத்தின்படி நடத்தப்பட்டால்தான் செல்லும். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டி விருந்து வைத்திருந்தாலும் சட்டப்படியான திருமணம் நடக்கவில்லை என்றால் அவர் சொத்துரிமைக்கு உரிய துணைவர் ஆகமாட்டார். இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீட்டுக்கு விண்ணப்பிப்பதற்காக முதலில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, சில மாதங்களோ ஓராண்டோ கழித்துத் தாலி கட்டும் இணையர் நம் சமூகத்தில் ஏராளம். சட்டத்தின் கணக்கில் அவர்கள் பதிவு நாளிலிருந்தே கணவன் மனைவி. வாரிசுரிமை அன்றே தொடங்குகிறது, அதற்கு முன் எழுதிய உயிலும் சேம நிதி நியமனமும் அன்றே ரத்தாகிவிடுகின்றன.

நீதிமன்ற ஆணையின்றிப் பிரிந்து வாழ்பவர்கள் மணமுறிவு பெறாதவரை கணவன் மனைவிதான். எத்தனை ஆண்டு பேசாமல் இருந்தாலும் உயில் இல்லாத நிலையில் ஒருவருடைய சொத்தில் மற்றவருக்குப் பங்கு உண்டு.

வீடு

பெரும்பாலான குடும்பங்களுக்கு வீடுதான் மிகப் பெரிய சொத்து. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வீட்டை இரண்டு விதமாக வைத்திருக்கலாம். 'ஜாயின்ட் டெனன்சி' எனப்படும் கூட்டுரிமையில் இருவருக்கும் தனித்தனிப் பங்கு கிடையாது. ஒருவர் இறந்ததும் மற்றவர் முழு உரிமையாளர் ஆகிவிடுவார். 'டெனன்சி இன் காமன்' எனப்படும் பங்குரிமையில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு பங்கு என்று வரையறுக்கப்பட்டிருக்கும். இறந்தவரின் பங்கு அவருடைய உயிலின்படியோ, உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டத்தின்படியோ போகும். மணமான இணையரின் வீவக வீடுகள் பெரும்பாலும் கூட்டுரிமையில் உள்ளன.

கூட்டுரிமையில் உள்ள வீட்டை உயிலால் யாருக்கும் எழுதிவைக்க முடியாது. 'வீட்டில் என் பாதியை மூத்த மகளுக்குத் தருகிறேன்' என்று ஒரு தந்தை எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, உயிலைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் அந்த வரிக்கு உயிர் இல்லை. அவர் கண்மூடிய கணத்தில் வீடு முழுவதும் மனைவிக்குச் சேர்ந்துவிடும். மகளுக்குக் கொடுக்க வேண்டுமானால் அவர் வாழ்ந்திருந்தபோதே கூட்டுரிமையைப் பங்குரிமையாக மாற்றியிருக்க வேண்டும். மறுமணம் செய்துகொண்டு, முதல் மணத்துப் பிள்ளைகளும் உள்ளவர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வீடு எந்த வகை என்று தெரியாவிட்டால் வீவகவிடமோ, தனியார் வீடானால் வாங்கித் தந்த வழக்கறிஞரிடமோ கேளுங்கள்.

கூட்டுரிமை வீட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவையில்லை. உயிரோடிருப்பவர் இறப்புச் சான்றிதழுடன் மரண அறிவிப்பைச் சிங்கப்பூர் நில ஆணையத்தில் பதிவு செய்தால் போதும்.

கணவரின் பெயரில் மட்டும் வீடு இருந்தால் நிலைமை வேறு. தமிழகத்திலிருந்து மணமுடித்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் வாழும் பெண்கள் பலர் வீவக வீட்டில் குடியிருப்பாளர்களாக மட்டுமே பதிவாகியிருக்கிறார்கள். உரிமையாளராகக் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ வேண்டும். கணவர் இறந்தால் அந்த மனைவிக்கு வாரிசுச் சட்டப்படி பங்கு உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வீவகவின் தகுதி விதிகள் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வீடு விற்கப்பட்டு அவருடைய பங்கு பணமாகவே வரும். பங்கு கிடைப்பதும் அந்தக் கூரையின் கீழே தொடர்ந்து வாழ்வதும் இரு வேறு செய்திகள். இத்தகைய குடும்பங்கள் காலம் தாழ்த்தாமல் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கடன் பாக்கி இருந்தால், வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தை நினைவில் வையுங்கள். வீவக வீட்டின் மாதத் தவணையைச் சேம நிதியிலிருந்து கட்டுபவர்கள் இந்தக் காப்புறுதியில் சேர வேண்டும். காப்புறுதி பெற்றவர் 65 வயதுக்குள் இறந்தால், அவருக்கு எந்த அளவு காப்பு இருந்ததோ அந்த அளவுக்குக் கடன் அடைக்கப்படும். சம்பாதிப்பவர் கணவர் ஒருவரே என்றால் அவருடைய காப்பு முழுக் கடனையும் தாங்குகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

மத்திய சேம நிதி

சேம நிதிப் பணம் இறந்தவரின் பிற சொத்துகளோடு சேராது. எனவே உயில் அதைத் தொடாது. நியமனம் செய்திருந்தால், அதில் பெயர் உள்ளவருக்குப் பணம் நேரே போகும். சாதாரண, சிறப்பு, மருத்துவ, ஓய்வுக்காலக் கணக்குகளில் எஞ்சியதும், முதுமையில் மாதந்தோறும் பணம் தரும் ஆயுள்காலத் திட்டத்தில் செலுத்திய சந்தாத் தொகையில் மீதமிருப்பதும் இதில் அடங்கும். சேம நிதியால் வாங்கிய வீடும், சேம நிதி முதலீட்டுத் திட்டத்தில் வாங்கிய பங்குகளும் அடங்கா.

திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் தானாக ரத்தாகும். மணமுறிவு பெற்றால் ரத்தாகாது. இந்த இரண்டும் குடும்பங்களைப் பெரும் துயரத்தில் தள்ளக்கூடியவை. மணமுறிவுக்குப் பிறகு நியமனத்தை மாற்றாமல் விட்டவரின் சேமிப்பு முழுவதும் முன்னாள் மனைவிக்குப் போகும். திருமணத்துக்கு முன்பு அம்மாவை நியமித்துவிட்டு 'எழுதி வைத்துவிட்டேனே' என்று நிம்மதியாக இருக்கும் மகனின் நியமனம், அவர் மணமுடித்த நாளிலேயே செல்லாமல் போயிருக்கும்.

நியமனம் செய்யக் கட்டணம் இல்லை. அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் மூலம் இணையத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பதிந்து, இரண்டு சாட்சிகளின் விவரங்களைக் கொடுக்க வேண்டும். சாட்சிகளுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நியமனம் பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது. சாட்சிகளும் தங்கள் சிங்பாஸில் நுழைந்து உறுதிப்படுத்தினால்தான் நியமனம் நிறைவு பெறும். பலர் தங்கள் பகுதியை முடித்துவிட்டுச் சாட்சிகளுக்கு நினைவூட்டாமல் விட்டுவிடுகிறார்கள். உறுதிப்படுத்தும் செய்தி உங்களுக்கு வந்து சேரும்வரை வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.

நியமனம் இல்லாவிட்டால் பணம் பொது அறங்காவலர் என்னும் அரசு அதிகாரியிடம் போகும். அவர் கட்டணம் கழித்துக்கொண்டு வாரிசுச் சட்டத்தின்படி பிரித்துக் கொடுப்பார்.

காப்புறுதியும் வங்கிக் கணக்கும்

ஆயுள் காப்புறுதியில் 2009 செப்டம்பர் 1 முதல் இரு வகை நியமனங்கள் உள்ளன. மாற்றத்தக்க நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் நீங்களே மாற்றலாம். அறக்கட்டளை நியமனம் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும் செய்யக்கூடியது. செய்துவிட்டால் அந்தப் பணம் உங்களுடையதாக இருக்காது, பின்னர் மாற்ற அவர்களின் அல்லது அறங்காவலரின் சம்மதம் வேண்டும். முகவர் நீட்டும் படிவத்தில் கையெழுத்திடுமுன் எந்த வகை என்று கேளுங்கள்.

ஒருவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கை, இறப்புச் செய்தி கிடைத்ததும் வங்கி முடக்கிவிடும். கூட்டுக் கணக்கு பொதுவாக எஞ்சியவருக்கே போகும் என்றாலும் கணக்கின் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கான சில மாதப் பணமாவது கூட்டுக் கணக்கில் இருப்பது நல்லது.

உயில் இல்லாவிட்டால்

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1967ஆம் ஆண்டின் உயிலற்ற வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் இருந்தால் துணைவருக்குப் பாதி; மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. மணமாகிப் போன மகளுக்கும் அதே பங்கு. பெற்றோருக்கு முன்பே இறந்த பிள்ளையின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குச் சேரும். நீதிமன்ற ஆணையால் தத்தெடுத்த பிள்ளைக்கு உரிமை உண்டு. துணைவரின் முந்தைய மணத்துப் பிள்ளைக்கு இல்லை. பிள்ளைகள் இல்லாமல் துணைவரும் பெற்றோரும் இருந்தால் துணைவருக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. துணைவர் மட்டும் இருந்தால் அவருக்கே முழுவதும். துணைவரோ பிள்ளைகளோ இல்லாதவரின் சொத்து பெற்றோருக்கும், அவர்களும் இல்லாவிட்டால் உடன்பிறந்தோருக்கும் போகும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஈசூனில் நாலறை வீடு, கணவன் மனைவி பெயரில் கூட்டுரிமை. கணவருக்குச் சேம நிதியில் 1,60,000 வெள்ளி, நியமனம் இல்லை. அவர் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கில் 40,000 வெள்ளி, கடனும் உயிலும் இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே வசிக்கும் வயதான தாய். அவர் இறந்தால் வீடு மனைவிக்கு. சேம நிதியில், கட்டணம் போக, மனைவிக்கு 80,000, பிள்ளைகளுக்குத் தலா 40,000. வங்கிப் பணத்தில் மனைவிக்கு 20,000, பிள்ளைகளுக்குத் தலா 10,000. தாய்க்கு எதிலும் ஒரு வெள்ளிகூட இல்லை.

இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் சட்டம் பெற்றோரைப் பார்ப்பதில்லை. குடும்பப் பராமரிப்புக்கான 1966ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், துணைவருக்கும் மணமாகாத மகளுக்கும் 21 வயது நிறையாத மகனுக்கும் உடல் அல்லது மன இயலாமையால் தம்மைப் பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கும், போதிய ஏற்பாடு இல்லாதபோது இறந்தவரின் சொத்திலிருந்து பராமரிப்புக் கேட்க இடம் தருகிறது. அந்தப் பட்டியலிலும் தாய் தந்தை இல்லை. மகனின் கையை நம்பி வாழும் தாய்க்கு, அவன் இல்லாத காலத்தில் மருமகளின் நல்ல மனம் ஒன்றே துணை. அந்த மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சேம நிதி நியமனத்தில் தாய்க்கு ஒரு பங்கு குறித்து வைப்பது மகனின் கடமை; மருமகளின் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கி வைப்பதும்கூட.

உயில் எழுதுவது

உயில் எழுத 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும். இறுதியில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் உடனிருந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்த பிறகு, உங்கள் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று வாங்கினால் உயில் நிற்காது. உயிலால் பயன்பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் உயில் செல்லும், ஆனால் அவருக்கு எழுதியது செல்லாது. மகளுக்கு எழுதும் உயிலில் மருமகனைச் சாட்சியாக உட்கார வைப்பது இப்படித்தான் மகளின் பங்கையே பறித்துவிடுகிறது. அண்டை வீட்டார் இருவரை அழைப்பது மேல்.

திருமணம் முந்தைய உயிலை ரத்தாக்கும், வரவிருக்கும் அந்தத் திருமணத்தை மனத்தில் கொண்டு எழுதியது என்று உயிலிலேயே கூறியிருந்தால் தவிர. மணமுறிவு உயிலை ரத்தாக்காது. உயில் எங்கே இருக்கிறது, யார் எழுதிக்கொடுத்தது போன்ற விவரங்களை உயில் பதிவகத்தில் பதிந்து வைக்கலாம். பதிவகம் உயிலை வாங்கி வைத்துக்கொள்ளாது. நிலையான அதிகாரப் பத்திரத்தை உயில் என்று எண்ணுவோரும் உண்டு. மனத்திறன் இழந்த காலத்துக்கான அந்தப் பத்திரம் மரணத்தோடு முடிந்துவிடுகிறது.

மரணம் நேர்ந்த பிறகு

2022 மே 29 முதல் மருத்துவர் மரணத்தை இணையத்தில் சான்றளித்ததுமே அது பதிவாகிவிடுகிறது. மின்னியல் இறப்புச் சான்றிதழை 'மை லெகசி' இணையவாசலிலிருந்து 30 நாள்களுக்குள் பதிவிறக்கம் செய்து, பல படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உயிலைத் தேடுங்கள். வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் எழுதி விவரம் கேளுங்கள்.

தனிப் பெயரில் உள்ளவற்றை எடுக்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். உயில் இருந்தால் அதில் பெயரிடப்பட்ட நிறைவேற்றுநர், உயிலை நிறைவேற்றும் அனுமதியான 'புரோபேட்' கேட்பார். இல்லாவிட்டால் முதல் உரிமையுள்ள துணைவர், சொத்தை நிர்வகிக்கும் அனுமதியான 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்பார். மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேற்படாத சொத்துகளைக் குடும்ப நீதிமன்றமும் அதற்கு மேற்பட்டவற்றை உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவும் கையாள்கின்றன. உயில் இல்லாமல், வாரிசுகளில் வயது வராத பிள்ளை இருந்தால் இரண்டு நிர்வாகிகள் வேண்டும். மனைவியுடன் பொறுப்பேற்கக்கூடிய உறவினர் ஒருவரை முன்பே யோசித்து வையுங்கள். மரணத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். தாமதித்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்ததும் ஈமச் செலவும் கடன்களும் முதலில், பங்கீடு பிறகு. 2008 பிப்ரவரி 15 முதல் நிகழ்ந்த மரணங்களுக்கு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது மரணத்துக்கான வரி வசூலிக்கப்படுவதில்லை. மரணச் சொத்துத் தீர்வை அன்றோடு நீக்கப்பட்டது. மொத்தம் 50,000 வெள்ளிக்கு மேற்படாத, சிக்கலற்ற சிறு சொத்தைப் பொது அறங்காவலரே நிர்வகிக்க விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவிப் பிரிவை நாடலாம்.

முஸ்லிம் குடும்பங்கள்

முஸ்லிம்களின் சொத்து ஃபராயிழ் எனப்படும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி பிரியும். முதலில் ஷரியா நீதிமன்றத்திடமிருந்து வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. கணவருக்கு முறையே நான்கில் ஒன்று, பாதி. மகனுக்கு மகளைப் போல் இரு மடங்கு. இங்கே பெற்றோருக்கும் பங்கு உண்டு. மரண சாசனம் (உயில்) சொத்தில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் போகக் கூடாது. கூட்டுரிமை வீட்டைப் பொறுத்தவரை, எஞ்சியவருக்கே அது சேரும் என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. மார்க்கத்தின் நிலையைச் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் அமைப்பிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊரில் உள்ள நிலமும் வீடும்

சிங்கப்பூர்ச் சட்டம் இங்குள்ள அசையாச் சொத்தை, உரிமையாளர் எந்த நாட்டவராக இருந்தாலும், ஆளும். அசையும் சொத்தை அவருடைய நிரந்தர வாழிடத்தின் சட்டம் ஆளும். வேலை அனுமதியில் சில ஆண்டுகள் மட்டும் வந்து, ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடு இருப்பவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சிங்கப்பூர் வங்கிப் பணத்துக்கும் இந்தியச் சட்டம் பொருந்தக்கூடும்.

தஞ்சாவூரில் உள்ள வீட்டுக்கு இந்தியச் சட்டமே. மேலே சொன்ன ஈசூன் குடும்பத்தலைவர் இந்துவாக இருந்து, அவர் தம் சம்பாத்தியத்தில் ஊரிலும் ஒரு வீடு வாங்கியிருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வருக்கும் சமமாகப் பிரியும். இங்கே ஒன்றும் பெறாத தாய்க்கு அங்கே நான்கில் ஒரு பங்கு.

ஊர்ச் சொத்துக்குத் தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் பெற்று, பிறகு பட்டா மாற்ற வேண்டும். சிங்கப்பூர் இறப்புச் சான்றிதழ் அங்கே ஏற்கப்பட, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்திடம், ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை உறவினருக்கு அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பத்திரத்தில் என்னென்ன செய்யலாம் என்பதைச் சர்வே எண்ணோடு வரையறுத்து எழுதுங்கள். பட்டா மாற்ற மட்டும் என்றால், விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம்.